இடம்பெயர்ந்த பள்ளிகள்



தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மில், மத்திய அரசாங்க உத்தியோகத்தில் இருப்போர்க்கு மாற்றல் உத்தரவு என்பது புதுமையன்று. உத்தரவு கைக்கு வந்தவுடன் எழும் முதற்கவலை வீட்டைப் பற்றியதன்று. தட்டுமுட்டுச் சாமான்களைப் பற்றியதுமன்று. பிள்ளையின் படிப்பு என்னாகும் என்பதே அக்கவலை. மாற்றுச் சான்றிதழ் உரிய காலத்தில் கிடைக்குமா, புதிய ஊரில் பாடமொழி யாது, ஆண்டின் நடுவிற் சேர்த்துக்கொள்வார்களா, ஓராண்டு வீணாகுமோ என்றெல்லாம் வீட்டில் பேச்சு நடக்கும்.

இக்கவலையை அரசாங்கமும் உணர்ந்தது. 1962 நவம்பரில் அதற்கென ஒரு திட்டம் ஏற்கப்பட்டு, 1963இல் மத்தியப் பள்ளிகள் தோன்றின. இன்று கேந்திரிய வித்யாலயா என்று நாம் அழைப்பவை அவையே. நாம் குடியிருக்கும் புணே நகரின் ஔந்த் பகுதிக்கு அண்மையில், கணேஷ்கிண்டில், அத்தகைய பள்ளி ஒன்று உண்டு. ஆவடியில் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிள்ளை, இங்கு வந்து அதே பாடத்தின் அடுத்த பக்கத்திலிருந்து தொடரலாம். பெற்றோர் ஊர் மாறினாலும் பிள்ளையின் வகுப்பு மாறக் கூடாது என்பதே இவ்வேற்பாட்டின் உட்பொருள்.

ஆயின், அந்த மாற்றல் உத்தரவை அனுப்புவது அரசாங்க அலுவலகமாக இராமல் பீரங்கியாக இருந்தால்? பயணப்படியும் இல்லை, சேர்வதற்கு அவகாசமும் இல்லை, போய்ச் சேர வேண்டிய ஊர் இன்னதென்பதும் இல்லை. சான்றிதழ் தர வேண்டிய தலைமையாசிரியரே தம் குடும்பத்தோடு வேறொரு திசையில் நடந்துகொண்டிருப்பார். அக்குழந்தையின் வகுப்பு என்னாகிறது? போரால் பள்ளியை இழந்த குழந்தைகளுக்கு உதவுவது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கட்டடங்களைப் பற்றிப் பேசுகின்றனர். கட்டடம் பின்னர் எழலாம். குழந்தை உடனடியாக இழப்பது ஓர் ஆண்டு. அதன்பின் இன்னோர் ஆண்டு. இறுதியில், தான் படித்ததற்கு ஆதாரமான ஒரு காகிதம். இம்மூன்றையும் காக்கும் பள்ளி மரத்தடியில் இருந்தாலும் பள்ளியே.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. புணேயிலிருந்து தெற்கே ஏறத்தாழ 230 கிலோமீட்டரில் கோலாப்பூர் இருக்கிறது. அந்நகருக்குச் சில மைல் தொலைவில், பஞ்சகங்கை ஆற்றை அடுத்து, வளிவடே என்றொரு சிற்றூர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1948 வரை, அவ்வூரில் ஏறத்தாழ 5,000 போலந்து நாட்டார் வாழ்ந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1940இலும் 1941இலும் சோவியத் அரசால் தம் ஊர்களிலிருந்து பெயர்க்கப்பட்டுச் சைபீரியாவுக்கும் கசக்ஸ்தானத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் அவை. பின்னர் விடுவிக்கப்பட்டு, பாரசீகம் வழியாக இந்தியக் கரையை அடைந்தன. அதற்கு ஓராண்டு முன்பே, 1942இல், நவாநகர் சமஸ்தானத்து ஜாம்சாகேப் திக்விஜயசிங்ஜி, கடற்கரையை ஒட்டிய பாலாச்சடியில் போலந்துச் சிறுவர்களை வரவேற்றிருந்தார். அவருடைய பெயரைப் பலரும் அறிவர்; வளிவடேயை அறிந்தோர் குறைவு.

பாயும் மூங்கிலும் ஓடும் கொண்டு வரிசை வரிசையாக எழுப்பிய குடில்களே அங்கு வீடுகள். குடியேறியோர் வீடு முழுதும் அமையட்டும் என்று காத்திராமல் பள்ளிகளைத் திறந்தனர். மழலையர் பள்ளி, தொடக்கப் பள்ளிகள், உயர்நிலைப் பள்ளி, தொழிற்பயிற்சி என்று படிப்படியாக அமைந்தன. ஆசிரியர்கள் அகதிகளுள் இருந்தே வந்தவர்கள். பாடமொழி போலிஷ், பாடத்திட்டம் அவர்கள் நாட்டினது. பாடநூல்கள் அரிதாயினும் வகுப்பு நிற்கவில்லை. மராட்டிய மண்ணில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, பனி பெய்யும் ஒரு நாட்டின் ஆறுகளையும் மன்னர்களையும் குழந்தைகள் படித்துக்கொண்டிருந்தனர். 1948இல் முகாம் கலைந்தபோது சிலர் போலந்துக்குத் திரும்பினர். பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். சென்ற இடத்தில் அவர்கள் எழுத்தறியாதவராய்ப் போய் நிற்கவில்லை. பிற்காலத்தில் இந்தியப் போலந்தியர் என்ற பெயரிலேயே ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, அந்த ஐந்தாண்டுகளைப் பற்றிப் பெரிய நூலும் வெளியிட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற குடில்களிலோ, நாட்டுப் பிரிவினையால் வீடிழந்த சிந்தி மக்கள் வந்து குடியேறினர். அதுவே இன்று துணி வாணிகத்துக்குப் பெயர்பெற்ற காந்திநகர்.

ஔந்த் என்ற பெயரைச் சொன்னவுடன் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. சாத்தாரா மாவட்டத்தில் இன்னோர் ஔந்த் உண்டு. பழைய சமஸ்தானம் அது. 1939இல் அச்சமஸ்தானத்து மன்னர் தம் அதிகாரத்தை மக்களிடம் ஒப்படைத்த அரசியலமைப்பை உருவாக்குவதில் துணைநின்றவர் மாரிஸ் ஃபிரிட்மன் என்ற போலந்துப் பொறியாளர். அவரும், உமாதேவி என்று பெயர் பூண்ட வாண்டா டைனோவ்ஸ்கா என்ற போலந்து அம்மையாரும், திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் நன்கு அறியப்பட்டவர்கள். உமாதேவி போர்க்காலத்தில் இந்தியா வந்த தம் நாட்டுச் சிறுவர்களுக்குத் தொண்டு செய்தார். 1959க்குப் பின் இமயத்தைக் கடந்து வந்த திபெத்தியக் குழந்தைகளுக்கும் தொண்டு செய்தார். அக்குழந்தைகளுக்காக இந்திய அரசாங்கம் 1961இல் மத்தியத் திபெத்தியப் பள்ளிகளின் நிர்வாகத்தை நிறுவியது. இரு வேறு மக்கள், இரு வேறு மொழிகள். இரண்டு இடத்திலும் பள்ளி முதலிலேயே வந்தது. அமைதி வரும்வரை காத்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திபெத்தியர் இன்றும் காத்துக்கொண்டிருப்பர்.

இனி நம் மொழி பேசும் குழந்தைகளின் கதைக்கு வருவோம்.

இலங்கையில் கல்வி 1945 முதல் இலவசம். கன்னங்கரா என்ற கல்வி அமைச்சர் அரும்பாடுபட்டு நிறைவேற்றிய சீர்திருத்தம் அது. வடக்கே யாழ்ப்பாணத்திலோ, அதற்கும் நூறாண்டு முன்பிருந்தே பள்ளிக்கூடம் என்பது குடும்பத்தின் உயிர்நாடி. காணி விற்றும் பிள்ளையைப் படிக்க வைப்பது அங்கு வழக்கம். அத்தகைய மண்ணில் 1983 சூலைக்குப் பின் இருபத்தாறு ஆண்டுகள் போர் நிகழ்ந்தது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. மின்கலம், காகிதம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைத் திணித்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் ஊற்றித் திரியிட்ட சிறு விளக்கே மாணவர்களின் இரவு விளக்காயிற்று. அச்சுக் காகிதம் இன்மையால் செய்தித்தாள்கள் பள்ளிக் கொப்பிகளின் கோடிட்ட தாளில் வெளிவந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்டார்கள். இச்செய்தியைச் சொல்லும்போது, ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து பேசுகின்ற நமக்குச் சற்றுக் கூச்சம் தோன்றவே செய்கிறது. ஒரு சொல்லைக் கேட்பதற்கு அவர்கள் தந்த உழைப்பு அத்தகையது.

பள்ளிகளும் தப்பவில்லை. 1995 செப்டம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் பாடசாலை மீது விமானத்திலிருந்து குண்டு விழுந்து மாணவர் பலர் மாண்டனர். அடுத்த மாதம் 30ஆம் நாள், வலிகாமப் பகுதியிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் வெளியேறித் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தனர். பொழுது விடிந்ததும் நிழல் கிடைத்த இடமெல்லாம் மக்கள். வந்தோரை அங்கிருந்த பாடசாலைக் கட்டடங்களில்தான் தங்க வைத்தார்கள். ஆகவே உள்ளூர்க் குழந்தைகளுக்கும் பள்ளி இல்லாமற் போயிற்று. உதவி செய்ய விரைவோர் மறந்துவிடும் சிக்கல் இது: பள்ளியை முகாமாக்கினால் இரு ஊர்களின் குழந்தைகள் படிப்பை இழக்கின்றனர்.

அங்கு தோன்றிய வழி நம் கவனத்துக்கு உரியது. ஒரு பள்ளி தன் கட்டடத்தை இழந்தாலும் தன் பெயரை விடவில்லை. அதிபர், ஆசிரியர், வரவுப் பதிவேடு, மாணவர் ஆகிய எல்லாம் ஒன்றாக வேறோர் ஊருக்குப் பெயர்ந்து, அங்கிருந்த பள்ளியில் காலை நேரம் அவர்களுக்கு, பிற்பகல் நமக்கு என்று பகிர்ந்துகொண்டு, அல்லது கொட்டகையிட்டு, பழைய பெயரிலேயே நடந்தது. இடம்பெயர்ந்த பாடசாலை என்பது இலங்கைத் தமிழில் ஒரு வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 1990இல் தன் இடத்தை விட்டது. 2016இல், இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், தன் நிலத்துக்குத் திரும்பியது. முதலாம் வகுப்பில் சேர்ந்து முழுப் படிப்பையும் முடித்து வெளியேறிய பிள்ளைகள் எத்தனையோ பேர் தம் பள்ளியின் உண்மையான கட்டடத்தைக் கண்டதே இல்லை. ஆயினும் அவர்கள் அப்பள்ளியின் மாணவர்களே.

இதற்கு அடித்தளமாக நின்ற உண்மை ஒன்றைப் போரைப் பற்றி எழுதுவோர் அதிகம் சொல்வதில்லை. விடுதலைப் புலிகளின் ஆளுகையில் இருந்த பகுதிகளிலும் பள்ளி ஆசிரியர்க்குச் சம்பளம் கொழும்பு அரசாங்கமே வழங்கிவந்தது. பாடத்திட்டமும் அந்நாட்டுப் பொதுப் பாடத்திட்டமே. பொதுத் தேர்வும் அதே தேர்வு. இரு தரப்பும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த காலத்திலும், தேர்வு வினாத்தாளில் மட்டும் எல்லைக்கோடு இல்லை. அதனால், பதுங்குகுழிக்கு அருகில் படித்த மாணவன் பெற்ற சான்றிதழும் கொழும்பில் படித்தவன் பெற்ற சான்றிதழும் ஒரே மதிப்புடையவை ஆயின. எந்த அரசியற் காரணத்துக்காக இது நடந்திருப்பினும், குழந்தைகளுக்கு விளைந்த நன்மை பெரிது.

மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. அதே பள்ளிகளுக்குச் சென்றுகொண்டிருந்த சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கானோரைப் புலிகள் தம் படையிற் சேர்த்தனர். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் அப்பெயர்களைப் பதிவு செய்துவந்தது. 2003இல் போரால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான செயல்திட்டம் ஒன்றில் இரு தரப்பும் ஒப்பமிட்ட பின்னும் அவ்வழக்கம் முற்றிலும் நிற்கவில்லை. பள்ளியை விட்ட பிள்ளையே எளிதிற் பிடிபடும் பிள்ளை. பெற்றோர் பலர் மகளை வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்தனர்; அவளும் படிப்பை இழந்தாள்.

இழந்த ஆண்டை மீட்பது எப்படி? பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூன்றாம் வகுப்போடு நின்றிருந்தால், அவனை எட்டு வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் அவன் நாணி ஓடிவிடுவான். ஏழாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒன்றும் விளங்காமல் ஓடிவிடுவான். இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். பாடத்திட்டத்தில் இன்றியமையாத பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து, மாலை நேரங்களிலும் விடுமுறைகளிலும் விரைவாகக் கற்பித்து, அவன் வயதுக்குரிய வகுப்பில் சேர்ப்பதே அப்பாலம். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இத்தகைய ஈடுசெய் வகுப்புகள் நடந்தன. 2009இல் போர் முடிந்தபோது, வவுனியாவை அடுத்த மெனிக் பாம் முகாமில் அடைபட்ட இலட்சக்கணக்கானோரிடையே பள்ளி மாணவர் பல்லாயிரவர். கூடாரங்களில் வகுப்புகள் தொடங்கின. அவ்வாண்டின் உயர்தரத் தேர்வை முகாமுக்குள்ளேயே இருந்து எழுதியவர்களும் உண்டு. சில மாதங்களுக்கு முன் உறவினரைப் புதைக்கவும் நேரமின்றி ஓடிவந்தவர்கள், மேசைமுன் அமர்ந்து விடை எழுதினர். முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது.

கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தோர் 1983 முதல் மூன்று இலட்சத்துக்கும் மேல். மண்டபம் தொடங்கி மாநிலமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் எழுந்தன. வளிவடேயைப் போலத் தனிப்பள்ளி இங்கு தேவைப்படவில்லை. மொழி ஒன்றே ஆகையால் முகாம்களின் குழந்தைகள் அருகிலிருந்த அரசுப் பள்ளிகளிலேயே சேர்ந்தனர். 1984இல் சந்திரகாசன் தலைமையில் அகதிகளே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்தோறும் மாலை வகுப்புகள் நடத்தியது. படித்த அகதி இளைஞரே படிக்காத சிறுவர்க்கு ஆசிரியராயினர். 1991 மே மாதத்தில் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்ட பின், கல்லூரிகளில் அகதி மாணவர்க்கு இருந்த இடம் நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகள் கழித்தே அக்கதவு மீண்டும் திறந்தது. ஒரு கொடுஞ்செயலுக்கு அதில் எவ்விதத் தொடர்பும் இல்லாத மாணவர்கள் தம் ஆண்டுகளை விலையாகக் கொடுத்தனர் என்பதே நம் கருத்து.

கதவு திறந்த பின்னும் காகிதம் நின்றது. முகாமில் பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. இலங்கைக் குடியுரிமை வேண்டுமாயின் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். அதற்குப் பெற்றோரின் சான்றுகள் தேவை. அவையோ படகில் வரும்போதே போயின. அக்கழகத்தார் ஆண்டுக்கணக்காகச் செய்துவந்த வேலைகளுள் பெரியது, பாடம் சொல்லிக்கொடுத்ததன்று. இந்தச் சான்றிதழ்களைத் தேடிப் பெற்றுத் தந்ததேயாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு அகதி முகாம் என்ற பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அழைக்கத் தொடங்கியது. பெயர் இனிதாயிற்று. ஆயின் பட்டம் பெற்றும் அரசுப்பணித் தேர்வு எழுத இயலாமல், வண்ணம் பூசும் தூரிகையோடு கூலி வேலைக்குச் செல்லும் இளைஞர் அம்முகாம்களில் உண்டு. அவர்களைக் காணும் தம்பி, தங்கையர், நாம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கின்றனர். அக்கேள்விக்கு ஆசிரியரிடம் விடை இல்லை; விடை தர வேண்டிய இடம் வேறு.

உலகெங்கும் பள்ளிக்குச் செல்லாத குழந்தைகளும் இளைஞரும் ஏறத்தாழ 25 கோடி என்று யுனெஸ்கோ 2023இல் கணக்கிட்டது. சூடானில் அவ்வாண்டு ஏப்ரலில் மூண்ட போர் ஒரு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளின் பள்ளியை மூடியது. ஆப்கானிஸ்தானத்தில் 2021க்குப் பின் பெண்பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி மறுக்கப்பட்டது. 1848இல் சாவித்திரிபாய் புலே பெண்களுக்குப் பள்ளி நடத்திய ஊர் இது. அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் ஔந்துக்குச் செல்லும் சாலையிலேயே உள்ளது. ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் சூடானிலிருந்தும் வந்து இந்நகரில் படித்த மாணவர் பலர். தம் தங்கை வீட்டில் அடைபட்டிருப்பதை அறிந்தும் இங்கே புத்தகத்தைத் திறப்பது எளிதன்று.

நாம் என்ன செய்யக் கூடும் என்று நேயர்கள் கேட்கலாம். தொலைநாட்டுப் போரை நிறுத்துவது நம் கையில் இல்லை. ஆயின் காகிதம் இல்லாத குழந்தை நம் தெருவிலும் இருக்கிறது. ஔந்தையும் அதற்கு அப்பால் பாணேரையும் சுற்றி எழும் அடுக்குமாடிகளுக்குக் கல் சுமப்போரின் பிள்ளைகள், போரால் அன்றேனும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இடம்பெயர்பவர்களே. இந்நகரில் டோர் ஸ்டெப் ஸ்கூல் என்ற அமைப்பினர் கட்டட வேலைத்தலங்களுக்கே சென்று அவர்களுக்கு வகுப்பு நடத்தி வருகின்றனர். வேலைத்தலத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். அக்குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய்க்கு மராட்டி தெரியாது. நம்மில் பலருக்குத் தெரியும்.

அவளுடன் பள்ளி அலுவலகம் வரை செல்வோர் அறிந்திருக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, படிப்பு விட்டுப்போன குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி அளிக்கச் சொல்கிறது. 5ஆம் பிரிவின்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையைத் தாமதப்படுத்தலாகாது. 14ஆம் பிரிவின்படி, வயதுச் சான்று இல்லையென்று மறுக்கலாகாது. சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாக உடைய நமக்கு, குடிமகன் என்ற சொல்லுக்கும் குழந்தை என்ற சொல்லுக்கும் இடையே உள்ள தூரம் தெரியும். இச்சட்டத்திலும், அதற்கு மூலமான அரசியலமைப்பின் 21ஏ உறுப்பிலும், ஆறு முதல் பதினான்கு வயது வரை என்று சொல்லிய இடத்தில் எழுதப்பட்டிருப்பது குழந்தை என்ற சொல்லே. 2025 பிப்ரவரியில், ரோஹிங்கியா அகதிக் குழந்தைகள் சேர்க்கைக்கு அரசுப் பள்ளிகளை அணுகலாம் என்றும், மறுக்கப்பட்டால் உயர்நீதிமன்றம் செல்லலாம் என்றும் உச்சநீதிமன்றம் கூறியது. மராட்டிய மாநிலத்தில் பள்ளிகள் சூன் மாதத்து நடுவில் திறக்கின்றன. ஆயினும் சேர்க்கையின் வேலை ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறது.